பூச்சு, ஊட்டல், படலம்: அலுமினிய வார்ப்பச்சுகளின் மேற்பரப்புக் காப்பும் தமிழ்ச் சொல்லாட்சியும்

முன்னுரை

பூச்சு என்னும் சொல் தமிழில் பரந்த ஆட்சி உடையது. சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு, பாத்திரத்திற்கு ஈயப் பூச்சு, நகைக்குப் பொற்பூச்சு, புண்ணுக்கு மருந்துப் பூச்சு எனப் பலவற்றின்மேலும் அது செல்லும். அன்றாட வழக்கில் இப்பரப்பு இடர் தருவதில்லை. எது எதன்மேல் எவ்வாறு பூசப்படுகிறது என்பதைச் சூழலே உணர்த்திவிடும். தொழில்நுட்பத் தமிழில் நிலை வேறு. அலுமினியப் பொருள்களை வார்க்கும் எஃகு அச்சுகளைக் காப்பதற்கு மேற்கொள்ளப்படும் மூன்று வேறுபட்ட செயல்கள் நம் பயிற்சிக் குறிப்புகளில் ‘பூச்சு’ என்ற ஒரே சொல்லால் சுட்டப்படுகின்றன. ஒன்று ஒவ்வொரு வார்ப்பிற்கும் முன்பு தெளிக்கப்படுவது; மற்றொன்று எஃகினுள் ஊறிச் சேர்வது; மூன்றாவது தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கே உடைய கடினமான படலம்.

இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சிக்கு மட்டும் உரியதன்று. சில ஆண்டுகளுக்கு முன்னர், ஜொகூரில் ஒரு வார்ப்புத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராகப் பணியாற்றும் முன்னாள் மாணவர் ஒருவர் இரண்டு பக்கக் குறிப்பொன்றை இக்கட்டுரையாளரிடம் கொணர்ந்து காட்டினார். தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்த அடிப்படையில் வந்திருந்த தொழிலாளர்களுக்காக ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கப்பட்ட குறிப்பு அது. அதில் ஒரு வரி ‘அச்சின்மேல் உள்ள பூச்சை முற்றிலும் நீக்கிச் சுத்தம் செய்யவும்’ என்றிருந்தது. மூலத்தில் சுட்டப்பட்டது தெளிப்பு எண்ணெயின் கசடு. இரவுப் பணியிலிருந்த தொழிலாளர் ஒருவர், அச்சின் துளை ஊசிகளின்மேல் வெள்ளி நிறமாகத் தெரிந்ததையே அப்பூச்சு எனக் கருதிக் கைச்சாணை கொண்டு தேய்த்து நீக்கிவிட்டார். அவர் நீக்கியது குரோமியம் நைட்ரைடுப் படலம். அடுத்த சில நாள்களில் அவ்வூசிகளில் அலுமினியம் பற்றிக்கொள்ளத் தொடங்கியது. நிருவாகம் அத்தொழிலாளரிடம் காரணம் கோரிக் கடிதம் அளித்தது. அவரோ எழுதியிருந்ததை எழுதியவாறே செய்தவர்.

அம்மூன்று காப்பு முறைகளும் எவ்வாறு செயற்படுகின்றன என்பதையும் அவற்றைத் தமிழில் எவ்வாறு பிரித்துச் சுட்டலாம் என்பதையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

ஈயத்தின் அச்சும் அலுமினியத்தின் அச்சும்

அச்சு என்ற சொல் எழுத்தை அச்சிடுவதையும் உருவை வார்க்கும் கருவியையும் ஒருங்கே குறிப்பது தற்செயலான ஒற்றுமை போலத் தோன்றலாம். வரலாற்றில் இரண்டும் உறவுடையன. உருகிய உலோகத்தை உலோக அச்சினுள் மீண்டும் மீண்டும் வார்க்கும் தொழில் அச்செழுத்து வார்ப்பிலேயே முதிர்ந்தது. 1713-இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தரங்கம்பாடிக்குத் தமிழ் எழுத்துகள் வந்தன. அவை அளவிற் பெரியனவாக இருந்தமையால் சிறிய எழுத்துகள் பின்னர் அங்கேயே வார்க்கப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுத்து வார்ப்பு பொறிமயமானது. அதன் தொடர்ச்சியாக 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுத்தல்லாத பிற பொருள்களையும் அழுத்தத்தில் வார்க்கும் பொறிகள் அமெரிக்காவில் வணிக அளவில் இயங்கலாயின.

அச்செழுத்து வார்த்தவர்களுக்கு இக்கட்டுரை பேசும் சிக்கல் பெரிதாக எழவில்லை. எழுத்து உலோகம் ஈயம், வெள்ளீயம், அந்திமனி ஆகியவற்றின் கலவை. 300 பாகை செல்சியசுக்கும் குறைந்த வெப்பத்திலேயே உருகுவது. அதன் பெரும்பகுதியான ஈயமோ இரும்பில் ஏறத்தாழ முற்றிலும் கரையாதது. எனவே அச்சும் வார்ப்பும் நெடுங்காலம் பகையின்றி உடன் வாழ்ந்தன. அலுமினியம் அவ்வாறன்று. அது 660 பாகையில் உருகுகிறது என்பது சிறிய வேறுபாடே. உருகிய நிலையில் அது இரும்பைக் கரைத்துத் தன்னுட் கொள்ளும் என்பதே பெரிய வேறுபாடு. காப்பில்லாத இரும்பு அகப்பையை உருகிய அலுமினியத்தினுள் விட்டுவைத்தால் அகப்பை நாளடைவில் தேய்ந்து மெலிவதை வார்ப்பகங்களில் உள்ளோர் நன்கு அறிவர்.

சுவாமிமலைச் சிற்பியரின் மெழுகுவழி வார்ப்பில் மண் அச்சு ஒவ்வொரு படிமத்திற்கும் உடைக்கப்படுகிறது. ஆகவே அச்சின் ஆயுள் என்ற கேள்வியே அங்கு எழுவதில்லை. உயரழுத்த வார்ப்பில் ஒரே எஃகு அச்சு ஓர் இலட்சம் முறைக்கு மேலும் திறந்து மூடவேண்டும்.

ஒரு நிமிடத்தில் நிகழ்வது

அச்சு இரு பாதிகளால் ஆனது. ஒன்று நிலையானது, மற்றொன்று நகர்வது. இரண்டும் பெரும் விசையுடன் மூடப்பட்டபின், 650 முதல் 700 பாகை வரையிலான அலுமினியக் கலவை ஓர் உருளைக்குள் ஊற்றப்பட்டு உந்துதண்டால் அச்சினுள் செலுத்தப்படுகிறது. நுழைவாயிலில் அதன் விரைவு நொடிக்கு 30 முதல் 60 மீட்டர் வரை இருக்கும். அதாவது மணிக்கு 100 முதல் 200 கிலோமீட்டருக்கு மேல். அச்சின் உட்குழிவு நிரம்புவதற்கு நொடியில் நூறில் சில பங்குகளே ஆகும். பின்னர்ச் சதுரச் சென்டிமீட்டருக்குப் பல நூறு கிலோகிராம் அளவிலான அழுத்தம் கொடுக்கப்பட்டு, உலோகம் இறுகியதும் அச்சு திறக்கிறது, தள்ளூசிகள் பொருளை வெளியேற்றுகின்றன, அச்சின் முகத்தில் உயவுநீர் தெளிக்கப்படுகிறது, மீண்டும் மூடுகிறது. நடுத்தர அளவிலான பொருளுக்கு இவ்வளவும் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் முடியும்.

இதனைத் தாங்கும் எஃகு அமெரிக்க முறையில் எச்-13 என்றும் சப்பானிய முறையில் எஸ்கேடி-61 என்றும் வழங்கப்படுகிறது. நம் நாட்டுத் தொழிற்சாலைகளில் பின்னைய பெயரே பெரிதும் காதில் விழுகிறது. நூற்றுக்கு 5 பங்கு குரோமியமும், ஒரு பங்கை ஒட்டிய மாலிப்டினமும் வனேடியமும், 0.4 பங்கு கரியும் உடையது அது. இவ்வெஃகிற்கு நேரும் கேடுகள் மூவகைப்படும். அச்சின் முகம் ஒவ்வொரு சுற்றிலும் வெப்பமேறி விரிந்தும் குளிர்ந்து சுருங்கியும் வருவதால் சிலந்தி வலை போன்ற நுண்பிளவுகள் தோன்றுவது ஒன்று. விரைந்து பாயும் உலோகம் நுழைவாயிலின் எதிரேயுள்ள முகத்தை அரிப்பது மற்றொன்று. மூன்றாவது, அலுமினியம் எஃகின்மேல் பற்றிக்கொள்வது. பொறியியலார் ஆங்கிலத்தில் இதற்குப் பற்றவைப்பு என்னும் பொருள்தரும் சொல்லையே ஆள்கின்றனர்.

ஆசு

தமிழாசிரியர்களுக்கு இங்கு ஒரு பழைய சொல் நினைவிற்கு வரக்கூடும். ஆசிடை நேரிசை வெண்பாவைக் கற்பிக்கும்போது, முதற் குறளின் இறுதியையும் தனிச்சொல்லையும் இணைக்க இடையிலிடும் அசையை ஆசு என்கிறோம். பொற்கொல்லர் இரு உலோகத் துண்டுகளை இணைக்க இடையிலிடும் பற்றாசே அப்பெயருக்கு அடிப்படை. பற்றாசு வேலை செய்வதற்குக் காரணம், உருகிய உலோகம் திட உலோகத்தை நனைத்து அதனோடு கலப்பதே. செப்புப் பாத்திரத்திற்கு ஈயம் பூசும்போதும் இதுவே நிகழ்கிறது; வெள்ளீயமும் செம்பும் சந்திக்கும் இடத்தில் இரண்டும் கலந்த மெல்லிய சேர்ம அடுக்கு தோன்றுவதாலேயே அப்பூச்சு உரிந்து போகாமல் நிற்கிறது.

பொற்கொல்லரும் ஈயம் பூசுபவரும் விரும்பித் தேடும் இந்நிகழ்ச்சியே வார்ப்பச்சில் கேடாகிறது. உருகிய அலுமினியம் எஃகைத் தொடுமிடத்தில் இரும்பும் அலுமினியமும் சேர்ந்த கடினமான, எளிதில் நொறுங்கும் சேர்மங்கள் உருவாகின்றன. அவற்றின்மேல் அடுத்த வார்ப்பின் அலுமினியம் மேலும் எளிதாக ஒட்டுகிறது. பொருளை வெளியேற்றும்போது அதன் தோல் கிழிந்து அச்சிலேயே தங்குகிறது. அதைச் சுரண்டி எடுக்கும்போது எஃகும் சிறிது சேர்ந்து வருகிறது. நுழைவாயிலின் எதிர்ப்பக்கமும், நாற்புறமும் உலோகத்தால் சூழப்பட்டு வெப்பம் வெளியேற வழியற்ற மெல்லிய ஊசிகளுமே இதற்கு முதலில் இரையாவன.

இதனைத் தடுக்க வார்ப்பகத்தார் நெடுங்காலமாகக் கையாளும் உபாயம் எளிமையானது. உப்பு நிறைவாகக் கரைந்த நீர் மேலும் உப்பை ஏற்காததுபோல, கலவையிலேயே நூற்றுக்கு ஒரு பங்களவு இரும்பு இருக்குமாயின் அச்சின் இரும்பின்மேல் அதற்கு உள்ள பசி தணிந்துவிடுகிறது. பரவலாக ஆளப்படும் ஏடிசி-12 கலவையில் 1.3 விழுக்காடு வரை இரும்பு அனுமதிக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆயினும் அவ்விரும்பு வார்ப்புக்குள் ஊசி வடிவச் சேர்மங்களாக நின்று அதனை நொறுங்கும் இயல்புடையதாக்குகிறது. பொறியின் மூடிக்கு அது பொருட்டன்று. மோதலின்போது வளைந்து கொடுத்து உயிரைக் காக்கவேண்டிய மகிழுந்துச் சட்டகத்திற்கு அது ஆகாது. அத்தகைய பொருள்களுக்கு இரும்பு மிகக் குறைந்த கலவைகள் தேவைப்படுகின்றன; இரும்பின் இடத்தில் சிறிதளவு மாங்கனீசு சேர்க்கப்படுகிறது. 2020 முதல் மின்மகிழுந்துகளின் பின்புற அடிப்பகுதி முழுவதையும் ஒரே வார்ப்பாக வார்க்கும் முறை வந்தபின் இத்தேவை பெருகியுள்ளது. கலவை தந்த பாதுகாப்பு குறையக் குறைய, அச்சின் மேற்பரப்பே தன்னைக் காத்துக்கொள்ளவேண்டியதாகிறது.

தெளித்தல்

முதல் காப்பு தோசைக்கல்லின் காப்பை ஒத்தது. ஒவ்வொரு தோசைக்கும் முன்பு எண்ணெய் தடவுவதுபோல ஒவ்வொரு வார்ப்பிற்கும் முன்பு அச்சின் முகத்தில் உயவுநீர் தெளிக்கப்படுகிறது. எண்ணெய், மெழுகு, சிலிகோன் முதலியவற்றின் நுண்துளிகள் கலந்த நீரே அது. நீர் ஆவியானதும் மெல்லிய ஈரப்பசை எஞ்சி, அலுமினியம் எஃகை நேராகத் தொடாமல் தடுக்கிறது. அடுத்த வார்ப்பில் அது எரிந்து போகும், மீண்டும் தெளிக்கவேண்டும். சூடேறிய கல்லில் தெளித்த நீர்த்துளி நனைக்காமல் உருண்டோடுவதுபோல, அச்சு மிகையாகச் சூடேறியிருப்பின் உயவுநீரும் ஆவிப்படலத்தின்மேல் மிதந்து வழிந்துவிடும். எனவே எங்குக் காப்பு மிகவும் வேண்டுமோ அங்கேயே அது ஒட்டாமற்போகும் நிலை ஏற்படுகிறது.

இம்முறைக்கு உள்ளார்ந்த முரண் ஒன்றும் உண்டு. பற்றுவதைத் தடுக்கத் தெளிக்கும் நீர் அச்சின் முகத்தைத் திடீரெனக் குளிர்விக்கிறது. அக்குளிர்ச்சியே நுண்பிளவுகளை வளர்க்கிறது. எஞ்சிய கசடு மூலைகளில் தேங்கி வார்ப்பின் உருவைக் கெடுக்கவும் செய்யும். நம் தொழிலாளர் துடைத்திருக்க வேண்டியது இக்கசடையே.

ஊறுதல்

இரண்டாம் முறையில் எஃகின்மேல் எதுவும் வைக்கப்படுவதில்லை. அம்மோனியா வளி சூழ்ந்த உலையில் 500 பாகையை ஒட்டிய வெப்பத்தில் அச்சு பல மணி நேரம் வைக்கப்படுகிறது. அம்மோனியா சிதைந்து நைட்ரசன் அணுக்களைத் தர, அவை எஃகினுள் ஊறிச் சென்று அங்குள்ள குரோமியம் முதலியவற்றோடு சேர்கின்றன. 20-ஆம் நூற்றாண்டின் முதற்காலப் பகுதியில் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் உருவான முறை இது. மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு ஆழம் வரை எஃகு இறுகுகிறது. விக்கர்ஸ் அளவையில் 500-ஐ ஒட்டியிருந்த கடினம் 1000-ஐத் தாண்டுகிறது.

இதனைப் பூச்சு என்பது பிழை. மாங்காய் உப்பில் ஊறுவதை உப்புப் பூச்சு என்று எவரும் சொல்லார். ஊறிய பகுதிக்கும் உள்ளிருக்கும் எஃகிற்கும் இடையே கோடு கிழித்தாற்போன்ற எல்லை இல்லை. ஆகவே உரிந்து விழுவதற்கும் ஏதும் இல்லை. ஆனால் நைட்ரசன் மிகுதியாக ஊட்டப்பட்டால் மேற்பரப்பில் ‘வெண்ணடுக்கு’ எனத்தக்க ஒரு சேர்ம அடுக்கு தோன்றும். நுண்ணோக்கியில் வெண்மையாகத் தெரியும் அவ்வடுக்கு கடினமானது, எனினும் நொறுங்கக்கூடியது. தடித்துவிட்டால் நுண்பிளவுகளுக்கு அதுவே தொடக்க வாயிலாகிவிடும். அளவோடு ஊட்டுவதே இம்முறையின் திறமெல்லாம்.

படிதல்

மூன்றாவது முறையே இன்று ஆய்வாளர்களின் கவனத்தை மிகுதியும் ஈர்ப்பது. வெற்றிட அறையில் டைட்டானியம், குரோமியம் போன்ற உலோகக் கட்டியை மின்வில்லாலோ அயனித் தாக்குதலாலோ ஆவியாக்குகின்றனர். அவ்வாவி அறையிலுள்ள நைட்ரசனோடு சேர்ந்து அச்சின்மேல் அணு அணுவாகப் படிகிறது. வேலை வெப்பம் பொதுவாக 200 முதல் 500 பாகைக்குள் அடங்கும். இவ்வரம்பு முக்கியமானது. வேதிமுறையில் ஆவியைப் படியவைக்கும் பழைய முறைக்கு 1000 பாகை அளவு வேண்டியிருந்தது. அவ்வெப்பத்தில் அச்செஃகு தன் பதத்தை இழந்துவிடும், அளவும் மாறிவிடும்.

படியும் படலத்தின் தடிப்பு 2 முதல் 6 மைக்ரோமீட்டர். பொன்னிறமானது டைட்டானியம் நைட்ரைடு. துளைகருவிகளின் முனைகளில் நாம் காணும் பொன்னிறம் பெரும்பாலும் இதுவே. ஆயினும் 500, 600 பாகையிலேயே அது காற்றிலுள்ள ஆக்சிசனால் கெடத் தொடங்குவதால் அலுமினிய வார்ப்பிற்கு அவ்வளவாகப் பொருந்துவதில்லை. வெள்ளிச் சாம்பல் நிறக் குரோமியம் நைட்ரைடு 700 பாகை அளவு வரை தாங்கும். அலுமினியத்தையும் படலத்திலேயே சேர்த்த டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடும் அலுமினியம் குரோமியம் நைட்ரைடும் இன்னும் மிகுந்த வெப்பம் தாங்குவன; வெளிமுகத்தில் அலுமினிய ஆக்சைடு தோல் ஒன்று தானே உருவாகி உள்ளிருப்பதைக் காக்கிறது. அலுமினியத்தின் தாக்குதலை அலுமினியமே தடுக்கிறது என்பது சுவையான செய்தி. 2010-களில் அமெரிக்காவின் கொலராடோ சுரங்கவியல் கல்லூரியில் உயவுநீர் இன்றியே வார்க்க இயலுமா என்ற நோக்கில் பல படலங்கள் சோதிக்கப்பட்டபோது, அலுமினியம் குரோமியம் நைட்ரைடின்மேல் வார்ப்பு குறைவாகவே ஒட்டியது.

இப்படலத்தின் செயல்பற்றி ஒரு தவறான கருத்து தமிழ்க் குறிப்புகளில் பரவியுள்ளது. ‘வெப்பத்தடைப் பூச்சு’ என்று எழுதுகின்றனர். மூன்று மைக்ரோமீட்டர்த் தடிப்புள்ள படலத்தின் இரு முகங்களுக்கு இடையே வெப்பநிலை சில பாகைகளே வேறுபடும். அது வெப்பத்தைத் தடுப்பதில்லை. அது தடுப்பது வேதிச் சந்திப்பை மட்டுமே. நைட்ரைடுகள் உருகிய அலுமினியத்தால் எளிதில் நனைவதுமில்லை, கரைவதுமில்லை. வெப்ப விரிசல் முதன்மையான கேடாக உள்ள அச்சிற்குப் படலம் மட்டும் இட்டுவிட்டு ஆயுள் கூடவில்லையே என வருந்துவதில் பயனில்லை.

படலத்தின் வலுவின்மைகளும் அதன் பிறப்பு முறையிலேயே அடங்கியுள்ளன. ஆவி நேர்கோட்டில் செல்வதால் ஆழ்ந்த துளைகளின் உட்சுவரிலும் குறுகிய பள்ளங்களிலும் அது செவ்வையாகப் படிவதில்லை. மின்வில் முறையில் உருகிய நுண்துளிகளும் தெறித்து வந்து படலத்தில் பதிகின்றன. அவை பெயர்ந்த இடத்தில் ஊசித்துளை உண்டாகிறது. அத்துளை வழியே புகும் அலுமினியம் கீழுள்ள எஃகைக் கூம்பு வடிவில் கரைத்துச் சேர்மமாக மாறிப் பருத்து, மேலிருக்கும் படலத்தைத் தூக்கி உடைக்கிறது. மேலே பார்த்தால் ஊசிமுனையளவு புள்ளி. கீழே வெட்டிப் பார்த்தால் பெரும்பள்ளம். இன்னும் ஒன்று: கடினமான மெல்லிய ஓடு மென்மையான உள்ளீட்டின்மேல் நின்றால், உள்ளீடு அமுங்கும்போது முட்டையோடுபோல் உடையும். எனவே எஃகிற்கு முதலில் நைட்ரசனூட்டி இறுக்கி, வெண்ணடுக்கை நீக்கி, அதன்மேல் படலம் படியவைப்பது சிறந்த வழக்கமாகியுள்ளது. தேய்ந்த படலத்தை வேதிமுறையில் களைந்து மீண்டும் படியவைக்கவும் இயலும்.

சொற்கள்

பூசு, தெளி, ஊறு, படி ஆகிய நான்கும் எளிய வினைகள்; எந்தக் கலைச்சொல் அகராதியின் துணையும் இன்றித் தமிழர் எவருக்கும் விளங்குவன. ஒவ்வொன்றும் ஒரு செயல்முறையைத் தன்னுள்ளேயே காட்டுகிறது. தெளிக்கப்படுவதை உயவுத் தெளிப்பு என்றும், ஊறுவதை நைட்ரசனூட்டல் என்றும், படிவதைக் கடும்படலம் என்றும் பிரித்து ஆள்வது இக்கட்டுரையாளரின் பரிந்துரை. மசகு என்ற சொல் இலங்கை வழக்கில் கச்சா எண்ணெயையும் குறிப்பதால் உயவு என்பதே இங்குத் தெளிவு. பூச்சு என்பதை இவ்விடங்களில் தனித்து ஆளாமல் விடுவது நலம். ‘காப்பு’ என்பதையும் எதனின்று காப்பு எனச் சேர்த்தே எழுதவேண்டும். ‘வெப்பக் காப்பு’ என்னும் பிழை அச்சொல்லின் தனிநிலையிலிருந்தே பிறந்தது. ‘டை’, ‘மோல்டு’ என்னும் தொழிற்சாலை வழக்குகளை வார்ப்பச்சு என்பதோடு அருகருகே வழங்க இடங்கொடுப்பதில் தவறில்லை. தொழிலாளரின் வாயில் உள்ள சொல்லை விலக்கி எழுதும் குறிப்பு சுவரில் தொங்கலாமே ஒழியக் கையில் உதவாது.

மொழிபெயர்த்தவரை மட்டும் குறைகூறுவது முறையன்று. 2003-இல் மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படலாயின. அக்கொள்கையைக் கைவிடும் முடிவு 2009-இல் அறிவிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பயின்றோர் இன்று தொழிற்சாலைகளில் மேற்பார்வையாளர்களாகவும் பயிற்றுநர்களாகவும் உள்ளனர். படிதலையும் ஊறுதலையும் அவர்கள் வீட்டில் அறிவர். ஆய்வுக்கூடத்தில் அவற்றைத் தமிழில் கேட்டதில்லை.

மாணவர் கொணர்ந்த குறிப்பின் அவ்வரி பின்வருமாறு திருத்தி எழுதப்பட்டது: ‘அச்சு ஆறியபின், அதன்மேல் தேங்கிய உயவுக் கசடை மென்துணியாலும் பித்தளைச் சுரண்டியாலும் மட்டும் நீக்கவும். ஊசிகளின்மேல் வெள்ளி நிறமாகத் தெரிவது கடும்படலம். அதைச் சாணையாலோ உப்புத்தாளாலோ தேய்க்கக் கூடாது. அலுமினியம் பற்றியிருப்பின் மேற்பார்வையாளரிடம் காட்டவும்.’ மாணவர் அதனைத் தொழிலாளர்களிடம் படித்துக் காட்டிவிட்டு மறுவாரம் தொலைபேசியில் அழைத்தார். கடிதம் திரும்பப் பெறப்பட்டதாகச் சொன்னார். ‘கசடு’ என்ற சொல் பாதிப்பேருக்கு விளங்கவில்லை என்றும் சொன்னார். அதனை ‘அழுக்கு’ என்று மாற்றிக்கொள்ளச் சொன்னோம்.